திரையில் பளபள… துணியில் எப்படி?

டி-ஷர்ட் டிசைன் செய்ய எந்த மென்பொருள் நல்லது? கோரல் டிராவா, ஃபோட்டோஷாப்பா, காசு கட்டாமல் கிடைப்பதே போதுமா? வாங்குவதற்கு முன் பிரிண்டிங் பட்டறையில் நாலு கேள்வி கேட்டுவிடுங்கள்.

2020 செப்டம்பர். இசையமைப்பாளர் யுவன் சங்கர் ராஜாவும் நடிகர் ஷிரிஷும் ஆளுக்கொரு வாசக டி-ஷர்ட் அணிந்து நிற்கும் புகைப்படம் சமூக வலைதளங்களில் பரவியது. ஷிரிஷ் அணிந்திருந்ததில் ‘ஹிந்தி தெரியாது போடா’ என்று இருந்தது. சில நாள்களுக்குள் அதே வாசகத்தைக் கேட்டு திருப்பூருக்கு ஆர்டர்கள் வரத் தொடங்கின. ஜல்லிக்கட்டுப் போராட்டம் நடந்த 2017-லும் இப்படித்தான். காளைப் படம் போட்ட பனியன்கள் கல்லூரி வாசல்தோறும் விற்றன.

அரசியல் ஒரு பக்கம் இருக்கட்டும். தொழில் கண்ணோடு பார்த்தால் இதில் ஒரு பாடம் உண்டு. நாலு சொல், ஒரு கோட்டோவியம், ஒன்றிரண்டு நிறம். அதுவே லட்சம் பேர் நெஞ்சில் ஏறிவிடுகிறது. அதைச் செய்ய விலை உயர்ந்த மென்பொருளோ, ஆறு மாதப் பயிற்சியோ தேவையில்லை. ஆனால், அபிமான நடிகரின் முகத்தைக் கறுப்பு பனியனில் நிழலும் வெளிச்சமுமாகக் கொண்டுவர வேண்டும் என்றால் கதையே வேறு. அங்கே மென்பொருளைத் தப்பாகத் தேர்ந்தெடுத்தால் முதலுக்கே மோசம்.

சொந்த பிராண்ட் தொடங்கும் கல்லூரி மாணவர்கள், கபடி டீமுக்கு ஜெர்சி அடிப்பவர்கள், வீட்டிலிருந்து ஆன்லைனில் விற்கும் பெண்கள் என டி-ஷர்ட் டிசைன் இன்று பலருக்கும் பிழைப்பாகிவிட்டது. எல்லோரும் முதலில் கேட்பது, ‘எந்த சாஃப்ட்வேர் கத்துக்கிட்டா நல்லது?’ என்றுதான். அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: டிசைன் துணியில் எப்படி ஏறப்போகிறது?

துணிக்கு நாலு வழி

2024-25 நிதியாண்டில் சுமார் 40,000 கோடி ரூபாய்க்குப் பின்னலாடை ஏற்றுமதி செய்த ஊர் திருப்பூர். அங்கே இன்றும் பெரும் ஆர்டர்களுக்குக் கைகொடுப்பது ஸ்கிரீன் பிரிண்டிங். டிசைனில் எத்தனை நிறமோ அத்தனை ஃபிலிம், அத்தனை ஸ்கிரீன். ஃபிலிமில் கறுப்பாக இருக்கும் பகுதி ஒளியை மறைக்கும். ஒளி பட்ட இடத்தில் ஸ்கிரீன் மேல் பூசிய ரசாயனம் இறுகும், படாத இடம் தண்ணீரில் கழுவிப் போகும். கழுவிப் போன அந்த வழியாகத்தான் மை துணிக்கு இறங்குகிறது. பத்து பீஸ் அடித்தாலும் பத்தாயிரம் பீஸ் அடித்தாலும் ஸ்கிரீன் போடும் செலவு ஒன்றே. ஆகவே, ஆர்டர் பெரிதாகப் பெரிதாக ஒரு பீஸுக்கான செலவு இறங்கிக்கொண்டே வரும். நிறம் கூடக் கூட ஏறும்.

இரண்டாவது, டி.டி.எஃப். பிளாஸ்டிக் ஃபிலிமில் வண்ணத்தை அச்சடித்து, அதன் மேல் வெள்ளை மை, அதன் மேல் பசைத் தூள். சூடாக்கித் தூளை உருக வைத்து, பிறகு ஹீட் பிரஸ்ஸில் துணி மேல் வைத்து அழுத்தினால் ஒட்டிக்கொள்ளும். ஒரே ஒரு பீஸ்கூட அடிக்கலாம். நிறக் கணக்கு கிடையாது. சில ஆண்டுகளில் சின்ன ஊர்களிலும் டி.டி.எஃப். கடைகள் முளைத்ததற்குக் காரணம் இதுதான்.

மூன்றாவது, சப்ளிமேஷன். சுமார் 200 டிகிரி செல்சியஸ் சூட்டில் சாயம் ஆவியாகி பாலியஸ்டர் இழைக்குள் புகும். கிரிக்கெட், கபடி ஜெர்சிகளுக்கு ஏற்றது. பருத்தியில் நிற்காது, கறுப்புத் துணியில் தெரியாது. நான்காவது, டி.டி.ஜி. காகிதத்தில் அச்சடிப்பதுபோல பருத்தித் துணி மேலேயே நேரடியாக அடிக்கும் இயந்திரம்.

இந்த நாலும் டிசைனரிடம் கேட்பது நாலு விதமான ஃபைல். ஸ்கிரீன் பட்டறைக்கு நிறம் நிறமாகப் பிரித்த கறுப்பு ஃபிலிம் வேண்டும். டி.டி.எஃப். கடைக்குப் பின்னணி இல்லாத பி.என்.ஜி. வேண்டும். ஜெர்சிக்கு முன், பின், கை என்று தனித்தனி துண்டுகளாக, அளவுக்கு அளவு போட்ட லேஅவுட் வேண்டும். யாருக்கு வேலை செய்கிறோம் என்பது தெரிந்தால் மென்பொருள் பட்டியல் தானாகச் சுருங்கிவிடும்.

கோடா, புள்ளியா?

கணினியில் படம் இரண்டு வகை. கோடுகளையும் வளைவுகளையும் கணக்காக நினைவில் வைத்துக்கொள்வது வெக்டார். உள்ளங்கை அளவில் வரைந்ததைப் பேருந்து அளவுக்கு இழுத்தாலும் ஓரம் கூர்மையாக நிற்கும். புள்ளிகளால் ஆனது பிக்சல் படம். இழுத்தால் பல் இளிக்கும்.

கணக்கு எளிது. பெரியவர்கள் அணியும் டி-ஷர்ட்டின் முன்புறப் படம் 12 அங்குல அகலம் என்று வைத்துக்கொள்வோம். அங்குலத்துக்கு 300 புள்ளி என்றால் 3,600 பிக்சல் தேவை. இன்ஸ்டாகிராமுக்காகச் செய்த 1,080 பிக்சல் படம் இந்தக் கணக்கில் 3.6 அங்குலம்தான் வரும். சட்டைப்பை அளவுக்கு மேல் தாங்காது. வாட்ஸ்அப்பில் வந்த படமோ வழியிலேயே இன்னும் சுருங்கியிருக்கும். ‘அண்ணே, இதையே பெருசாக்கி அடிச்சுக் குடுங்க’ என்று அதைக் கொண்டுபோய் நீட்டுவதுதான் பட்டறைக்காரர்களுக்குத் தினசரித் தலைவலி. ஏ.ஐ. வரைந்து கொடுக்கும் படங்களுக்கும் இந்தக் கணக்கு பொருந்தும். போதாக்குறைக்கு, நிறங்களை ஆயிரம் சாயலில் குழைத்துக் கொடுக்கும். தமிழ் எழுத்தைப் பல நேரம் கோலமாக்கிவிடும்.

வெக்டார் பாணியின் பலத்துக்கு உலகம் அறிந்த சாட்சி, புரட்சியாளர் சே குவேராவின் முகம். 1960-ல் கியூபப் புகைப்படக்காரர் அல்பெர்த்தோ கோர்தா எடுத்த படத்தை, 1968-ல் அயர்லாந்து ஓவியர் ஜிம் ஃபிட்ஸ்பேட்ரிக் சிவப்பும் கறுப்புமாகச் சுருக்கி சுவரொட்டியாக்கினார். அன்றைக்கு கம்ப்யூட்டர் ஏது? நிழலை எல்லாம் கறுப்பாக்கி, வெளிச்சத்தை எல்லாம் வெறுமையாக விட்டதால், எந்த ஊர்ப் பட்டறையிலும் ஒரே ஸ்கிரீனில் அந்த முகத்தை அடிக்க முடிந்தது. உலகமெங்கும் டி-ஷர்ட்டில் அது நிலைத்ததற்கு அரசியலோடு இந்த அச்சு வசதியும் காரணம்.

கோரல் டிராவின் பிடி

கனடாவின் ஒட்டாவா நகரில் இயங்கிய கோரல் நிறுவனம் 1989-ல் வெளியிட்ட வெக்டார் மென்பொருள் கோரல் டிரா. கல்யாணப் பத்திரிகை, ஃபிளெக்ஸ் பேனர், ஸ்டிக்கர் கட்டிங் என்று நம் ஊர் அச்சுத் தொழில் முழுக்க அது ஊறிப்போனது. விண்டோஸ் கம்ப்யூட்டரில் ஓடியது. மாதச் சந்தா இல்லாமல் ஒரே தடவை பணம் கட்டி வாங்கும் வழியை நீண்ட காலம் வைத்திருந்தது. சொல்லிக்கொடுக்க ஒவ்வொரு தெருவிலும் ஒரு டி.டி.பி. சென்டர் இருந்தது.

பட்டறைக்காரர்கள் இதை விடாமல் பிடித்திருப்பதற்குத் தொழில்நுட்பக் காரணம் ஒன்றும் உண்டு. டிசைனில் நாலு தனி நிறம் இருந்தால், பிரிண்ட் கொடுக்கும் இடத்திலேயே ‘செபரேஷன்’ என்பதைத் தேர்ந்தெடுத்தால் போதும்; நாலு கறுப்பு ஃபிலிம், ஒன்றன் மேல் ஒன்றைப் பொருத்த உதவும் ரெஜிஸ்டர் குறி மூலைகளில் இருக்க, வந்து விழும். அடோப் நிறுவனத்தின் வெக்டார் மென்பொருளான இல்லஸ்ட்ரேட்டரில் இதே வேலைக்கு போஸ்ட்ஸ்கிரிப்ட் பிரிண்டரோ, ரிப் எனப்படும் தனி மென்பொருளோ வேண்டும். சாதாரண பிரிண்டர் வைத்திருக்கும் சின்னப் பட்டறைக்கு இந்த ஒரு வசதியே பெரிய விஷயம். ஜெர்சி அடிப்பவர்களுக்கு இன்னொரு லாபம்: வீரர்களின் பெயரையும் எண்ணையும் பட்டியலாகக் கொடுத்தால் ‘பிரிண்ட் மெர்ஜ்’ ஒவ்வொன்றாக நிரப்பிவிடும்.

ஒரு தொல்லை உண்டு. புதிய பதிப்பில் சேமித்த ஃபைலைப் பழைய பதிப்பு திறக்காது. பட்டறையில் எந்தப் பதிப்பு ஓடுகிறது என்று கேட்டு, அதற்கு இறக்கிச் சேமித்துக் கொடுப்பது நல்லது.

நிழலும் முகமும் வேண்டுமானால்…

முகம், புலி, நெருப்பு, மேகம் எல்லாம் ஃபோட்டோஷாப்பின் ராஜ்ஜியம். 1990-ல் தாமஸ், ஜான் நோல் சகோதரர்களின் கைவண்ணத்தில் வந்த இந்த மென்பொருளுக்கு டி-ஷர்ட் உலகில் இருக்கும் மதிப்பு, அதன் ‘சேனல்’ பகுதியால் வந்தது.

கறுப்பு பனியனில் ஒரு நடிகரின் முகம் எப்படி ஏறுகிறது என்று பார்த்தால் இது புரியும். முதல் சேனல் வெள்ளை. இதற்கு அண்டர்பேஸ் என்று பெயர். கறுப்புத் துணியில் எந்த நிறத்தை நேராக அடித்தாலும் துணி அதை விழுங்கிவிடும். ஆகவே, நிறம் வரும் இடத்துக்கெல்லாம் கீழே வெள்ளை மெத்தை. அந்த வெள்ளையை ஓரங்களில் மயிரிழை உள்ளே இழுத்து வைக்க வேண்டும். இல்லாவிட்டால் மேசையில் துணி இம்மி நகர்ந்தாலும் முகத்தைச் சுற்றி வெள்ளைக் கோடு எட்டிப் பார்க்கும். வெள்ளையை லேசாகக் காய வைத்த பிறகு தோல் நிறம், பழுப்பு, சிவப்பு, நீலம் என்று ஒவ்வொரு சேனலும் ஒவ்வொரு ஸ்கிரீனாக ஏறும். கடைசியில் கண்மணியின் மினுக்கலுக்கும் பல்லுக்கும் மட்டும் இன்னொரு வெள்ளை. கறுப்புக்கு ஸ்கிரீனே கிடையாது. தலைமுடியும் நிழலும் துணியின் சொந்தக் கறுப்பு!

ஒவ்வொரு நிறத்தின் சாயலும் சின்னச் சின்னப் புள்ளிகளாகத்தான் விழும். அங்குலத்துக்கு 45 முதல் 55 வரிப் புள்ளி என்பது துணிக்குப் பொதுவான அளவு. ஸ்கிரீனின் கண்ணி எண்ணிக்கை அதைப்போல நாலைந்து மடங்கு இருந்தால்தான் புள்ளி சிதையாது. பத்திரிகை அச்சுக்கு வைக்கும் நுண்ணிய புள்ளியைப் பனியனுக்கு வைத்தால் மை பரவி எல்லாம் சேறாகிவிடும்.

ஏற்றுமதி ஆர்டர்களில் இல்லஸ்ட்ரேட்டரைத் தவிர்க்க முடியாது. வெளிநாட்டு பையர் அனுப்பும் டெக்பேக் (ஆடையின் அளவும் விவரமும் அடங்கிய குறிப்பு), ஆர்ட்வொர்க் எல்லாம் பெரும்பாலும் அந்த வடிவத்திலேயே வரும்; நிறங்கள் பான்டோன் என்ற நிறப் பட்டியலின் எண்ணாகவே குறிக்கப்பட்டிருக்கும். இதில் 2022 நவம்பரில் ஒரு குழப்பம் நடந்தது. அடோப் மென்பொருள்களோடு இலவசமாக வந்துகொண்டிருந்த பான்டோன் நிறத் தொகுப்புகளில் பெரும்பகுதி நீக்கப்பட்டது. தனிச் சந்தா கட்டாதவர்கள் பழைய ஃபைலைத் திறந்தபோது அந்த நிறங்கள் இருந்த இடத்தில் கறுப்பு நின்றது. திரையை நம்பாமல், அச்சடித்த பான்டோன் அட்டையைக் கையில் வைத்துக்கொள்வதே மெர்ச்சண்டைசர்கள் கடைப்பிடிக்கும் வழி.

2013-லிருந்து ஃபோட்டோஷாப், இல்லஸ்ட்ரேட்டர் இரண்டின் புதிய பதிப்புகளையும் அடோப் சந்தாவாக மாற்றிவிட்டது. மாதா மாதம் வேலை வருபவருக்கு அது பிரச்னை இல்லை. வருடத்துக்கு நாலு டிசைன் செய்பவருக்குக் கட்டுப்படியாகாது.

காசில்லாமல் என்ன கிடைக்கும்?

நிறையவே கிடைக்கும். 2003-ல் தொடங்கிய இங்க்ஸ்கேப், தன்னார்வலர்கள் கூடி உருவாக்கிய வெக்டார் மென்பொருள். பழைய கம்ப்யூட்டரிலும் ஓடும். கறுப்பு-வெள்ளைப் படத்தைக் கோடாக மாற்றித் தரும் ‘டிரேஸ்’ வசதி அதில் நன்றாகவே இருக்கிறது. அச்சுக்கான நிறப் பிரிப்பில் கோரல் அளவுக்கு வசதி கிடையாது. ஒவ்வொரு நிறத்தையும் ஒவ்வொரு லேயரில் வைத்து, ஒன்றொன்றாகக் கறுப்பாக்கி பிரிண்ட் எடுத்தால் மூன்று நிறம் வரை சமாளிக்கலாம். வாசக டி-ஷர்ட்டுக்கு இது தாராளம்.

ஃபோட்டோஷாப்புக்கு மாற்றாக கிம்ப் இருக்கிறது. 2025 மார்ச்சில் அதன் 3.0 பதிப்பு வந்தது. கையால் வரைபவர்களுக்கு கிரீட்டா. பிரிட்டனைச் சேர்ந்த செரிஃப் நிறுவனத்தின் அஃபினிட்டியை, ஆன்லைன் டிசைன் தளமான கேன்வா 2024-ல் வாங்கியது. 2025 அக்டோபரில் அதை இலவசமாக்கியது. வெக்டார், பிக்சல் இரண்டும் ஒரே இடத்தில் கிடைப்பதால் டி.டி.எஃப். வேலை செய்பவர்களுக்கு இது நல்ல வரவு. தமிழில் எழுதப் போகிறவர்கள் மட்டும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். தமிழ்போல உயிர்மெய் கோத்து எழுதும் மொழிகளுக்கான வசதி அதன் இரண்டாம் பதிப்பு வரை இல்லை.

கேன்வாவை ஏளனம் செய்யும் டிசைனர்கள் உண்டு. தேவையில்லை. மொபைலிலேயே முடித்து, டி.டி.எஃப். கடைக்கு அனுப்பும் பிறந்தநாள் டி-ஷர்ட்டுக்கு அது போதும். ஆனால், பின்னணி இல்லாத பி.என்.ஜி., எஸ்.வி.ஜி. ஆகியவற்றை இறக்கிக்கொள்ள கட்டணத் திட்டம் வேண்டும். நிறம் பிரித்த ஃபிலிம் அதில் எடுக்க முடியாது. டெம்ப்ளேட் பார்த்துச் செய்தால், பக்கத்துத் தெருக்காரரின் டி-ஷர்ட்டும் உங்களுடையதும் இரட்டைப் பிள்ளைகளாக இருக்கும் ஆபத்து வேறு.

டி.டி.எஃப்.-க்கு எதில் செய்தாலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மங்கி மறையும் நிழல், புகை, ஒளிவட்டம் ஆகியவற்றைத் தவிர்ப்பது நல்லது. பாதி தெரிந்தும் தெரியாமலும் இருக்கும் பிக்சலுக்குக் கீழேயும் வெள்ளை மை விழும்; துணியில் அது அழுக்குத் திட்டாகத் தெரியும். முடி அளவு மெல்லிய கோட்டில் பசைத் தூள் நிற்காது. இரண்டு மூன்று சலவையில் அந்தக் கோடு காணாமல் போகும்.

தமிழ் எழுத்து தகராறு

ஒற்றைக் கொம்பும் துணைக்காலும் சரியான பக்கம் வந்து உட்கார, மென்பொருளுக்கு எழுத்துக் கோக்கத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாததில் ‘கொடி’ என்று அடித்தால் கொம்பு இடம் மாறி நிற்கும், அல்லது கட்டங்கட்டமாக வரும். இதனால்தான் கோரலின் பழைய பதிப்புகளை வைத்திருக்கும் கடைகளில் இன்றும் பாமினி, வானவில் போன்ற யூனிகோடு அல்லாத எழுத்துருக்கள் புழங்குகின்றன. அவற்றில் அடித்ததை, அதே எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் ஆங்கில எழுத்தும் குறியுமாகச் சிரிக்கும்.

இங்க்ஸ்கேப்பும் கிம்ப்பும் யூனிகோடு தமிழைச் சரியாகக் காட்டுகின்றன. ஃபோட்டோஷாப்பில் எழுத்து அமைப்புகளுக்குப் போய் உலக மொழிகளுக்கான லேஅவுட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும்; இல்லஸ்ட்ரேட்டரில் இந்திய மொழி வசதியை இயக்க வேண்டும். பலர் இதைத் தெரியாமல், ‘ஃபோட்டோஷாப்ல தமிழ் வராது’ என்று விட்டுவிடுகிறார்கள்.

எழுத்துருவுக்கும் உரிமம் உண்டு. கூகுள் ஃபான்ட்ஸில் கிடைக்கும் அனேக் தமிழ், பலூ தம்பி, முக்தா மலர், கவிவாணர், மீரா இனிமை போன்றவை திறந்த உரிமத்தில் வருபவை. அச்சடித்து விற்கத் தடையில்லை. தடித்த பலூ தம்பி தூரத்திலிருந்தும் படிக்க வரும். கவிவாணர் கையெழுத்து சாயல்.

துணியில் தமிழுக்கு எமன், புள்ளி. சின்ன எழுத்தில் மெய்யின் புள்ளி மை பரவி எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும், அல்லது ஸ்கிரீனில் அடைத்துக் காணாமல் போகும். ‘ண’வின் சுழிகளும் ‘ழ’வின் வாலும் அடைத்துக்கொள்ளும். ஆகவே, புள்ளியைக் கொஞ்சம் பெரிதாக்கி, எழுத்திலிருந்து கொஞ்சம் தள்ளி வைக்க வேண்டும். எழுத்தைக் கோடாக மாற்றிவிட்டால் இந்தத் திருத்தம் எளிது. கோரலில் கன்ட்ரோல்-க்யூ, இங்க்ஸ்கேப்பில் கன்ட்ரோல்-ஷிஃப்ட்-சி. பட்டறைக்கு அனுப்பும் எந்த ஃபைலிலும் எழுத்து எழுத்தாகவே இருக்கக் கூடாது; கோடாக மாறியிருக்க வேண்டும். எழுத்துப் பிழையை அதற்கு முன்பே பார்த்துவிடுங்கள். மாற்றிய பிறகு திருத்துவது பெரும்பாடு.

திருட்டுக் காப்பி வேண்டாம்

‘கிராக்’ செய்த மென்பொருள் பென் டிரைவில் கைமாறுவது ஊரறிந்த ரகசியம். 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவு, திருட்டு நகல் என்று தெரிந்தே கணினியில் பயன்படுத்துபவருக்கு 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது. இலவச மென்பொருள்கள் இவ்வளவு தேறிவிட்ட காலத்தில் இந்த ஆபத்தில் காலை விடுவது புத்திசாலித்தனம் ஆகாது. திரைப்பட லோகோ, கிரிக்கெட் அணிச் சின்னம், பிரபல பிராண்டின் முத்திரை ஆகியவற்றை அனுமதியின்றி அடித்து விற்பதும் சட்டச் சிக்கலே. மென்பொருளை நேர்மையாக வாங்கிவிட்டு, படத்தைத் திருடினால் என்ன பயன்?

யாருக்கு எது?

• வாசகம், ஒன்றிரண்டு நிறம், ஸ்கிரீன் பிரிண்ட்: இங்க்ஸ்கேப்பில் தொடங்குங்கள். வேலை பெருகினால் கோரல் டிரா.

• சொந்தப் பட்டறை, தினமும் ஃபிலிம் எடுக்கும் தேவை: கோரல் டிரா. கேள்வியே இல்லை.

• முகம், ஓவியம், நிழல், கறுப்புத் துணி, பெரிய ஆர்டர்: ஃபோட்டோஷாப். சேனல் பிரிக்கத் தெரிந்த ஆள் கிடைத்தால் அந்த வேலையை மட்டும் அவரிடம் கொடுத்துவிடுவதும் லாபம்தான்.

• ஏற்றுமதி நிறுவனத்தில் டிசைனர் வேலை: இல்லஸ்ட்ரேட்டர் தெரியாமல் இன்டர்வியூவுக்குப் போகாதீர்கள்.

• ஒற்றை பீஸ், டி.டி.எஃப்., ஆன்லைன் விற்பனை: அஃபினிட்டி அல்லது கிம்ப், அவசரத்துக்கு கேன்வா. 3,600 பிக்சல் அகலத்தில் பக்கத்தைத் திறந்துகொண்ட பிறகே முதல் கோட்டை இழுங்கள்.

• டீம் ஜெர்சி: கோரல் டிரா. துணி பாலியஸ்டர்தானா என்று ஒரு முறைக்கு இரு முறை கேட்டுக்கொள்ளுங்கள்.

புதிதாகத் தொடங்குபவர்களுக்கு ஒரே ஒரு யோசனை. மென்பொருளுக்கு என்று ஒதுக்கிய பணத்தில் ஒரு பங்கை சாம்பிள் பிரிண்டுக்கு எடுத்து வையுங்கள். அரை நாள் பட்டறையில் நின்று, உங்கள் டிசைன் ஃபிலிமாகி, ஸ்கிரீனாகி, துணியில் விழுவதை ஒரு தடவை பாருங்கள். அந்த சாம்பிளை வீட்டுக்குக் கொண்டுவந்து ஐந்து தடவை துவைத்துக் காயப்போடுங்கள். எந்தக் கோடு நின்றது, எந்தப் புள்ளி போனது, எந்த நிறம் வெளுத்தது என்று குறித்துக்கொண்டு, அடுத்த டிசைனை அதற்கு ஏற்றபடி போடுங்கள். திருப்பூர் காதர்பேட்டைக் கடையில் பனியனைக் கையில் எடுத்துப் பார்க்கும் வாடிக்கையாளர், அதை எந்த மென்பொருளில் செய்தீர்கள் என்று கேட்கப்போவதில்லை. பிரிண்டை நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டுத்தான் விலை பேசுவார்.